வாசகர் கேள்வி–பதில்: ஜன்னலில் ஒரு விளக்கு

அண்ணாச்சி, போன இதழில் வெளிநாட்டில் இருக்கும் நம் குமரி மாவட்டத்துக்காரர்களைப் பற்றி எழுதும்போது, "போனவர்களோடு உறவு விடாமல் வைத்திருக்கும் விஷயத்தில் அயர்லாந்துக்காரர்களைப் பார்த்துப் படிக்கணும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கே அப்படி என்ன செய்கிறார்கள்?
– வாசகர், தக்கலை

நம்மைப் போலவே ஊரை விட்டுப் போய்த்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். 1841 கணக்கெடுப்பில் அந்தத் தீவில் சுமார் 82 லட்சம் பேர். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. ஏழைக் குடியானவனுக்கு மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான் சாப்பாடு. 1852 வரை இழுத்த பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறிப் போனார்கள். இன்றைக்கு அயர்லாந்துக் குடியரசையும் பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தையும் சேர்த்துக் கூட்டினாலும் சுமார் 70 லட்சம்தான், பழைய எண்ணிக்கை இன்னும் திரும்பவில்லை. ஆனால் எங்கள் வேர் அயர்லாந்தில்தான் என்று சொல்பவர்கள் உலகம் முழுக்க ஏழு கோடி பேர் இருப்பார்கள் என்று அவர்கள் அரசு மதிப்பிடுகிறது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குப் போகும் பையனுக்கோ பெண்ணுக்கோ முந்தின நாள் ராத்திரி வீட்டில் ஊரே கூடும். பாட்டு, ஆட்டம், நடுநடுவே ஒப்பாரி என்று விடிய விடிய நடக்கும். செத்த வீட்டில் கண்விழிப்பதைப் போலவே இதற்கும் 'அமெரிக்கக் கண்விழிப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள், ஏனென்றால் போனவர் முகத்தை மறுபடி பார்ப்போம் என்ற நம்பிக்கை யாருக்கும் கிடையாது. படிக்கும்போது எனக்கு நம் வீடுகள்தான் கண்முன் வந்தன. அம்மா முந்திரிக்கொத்தையும் ஏத்தங்காய் சிப்ஸையும் பொட்டலம் கட்டி பெட்டிக்குள் திணிப்பார், அப்பா பெட்டியைத் தூக்கி எடை பார்ப்பார், ரெண்டு கிலோ கூடிவிட்டது என்று தெரிந்ததும் சட்டைகளை வெளியே எடுப்பார்களே தவிர முந்திரிக்கொத்தை எடுக்க மாட்டார்கள். திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலில் அந்த அம்மா நிற்கும் நிலையும் ஒரு கண்விழிப்புதான்.

போனவர்கள் சும்மா இருக்கவில்லை. கடிதத்தோடு பணம் வரும், தம்பிக்கும் தங்கைக்கும் கப்பல் டிக்கெட் வரும். இப்படி ஒருவர் பின்னால் ஒருவராகக் குடும்பமே போய்ச் சேரும். 1850-ல் நியூயார்க்கில் குடியேறிகளுக்கென்றே ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். வீட்டுவேலை செய்த ஐரிஷ் (அயர்லாந்து) பெண்களும் கூலிக்காரர்களும் சில்லறை சில்லறையாகப் போட்டு வைத்தது அதில்தான்.

அதற்குப் பிறகு வெகுகாலம் அந்த நாடு தன் பிள்ளைகளைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை என்பதுதான் உண்மை. 1990-ல் மேரி ராபின்சன் ஜனாதிபதியானார். கடல் கடந்து போன எல்லாருக்காகவும் தன் மாளிகைச் சமையலறை ஜன்னலில் ஒரு விளக்கை எரியவிட்டார். வழி தெரியாமல் வருகிறவருக்காக ஜன்னலில் விளக்கு வைப்பது அந்த நாட்டு வழக்கம். 1998-ல் அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, வெளிநாட்டில் வாழும் ஐரிஷ் வம்சாவளியினரோடு உள்ள உறவை நாடு போற்றுகிறது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 2014-ல் இதற்கென்றே தனியாக ஓர் இணை அமைச்சரை நியமித்தார்கள். தாத்தாவோ பாட்டியோ அந்தத் தீவில் பிறந்திருந்தால் போதும், பேரப்பிள்ளை எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் பதிவு செய்து குடியுரிமை வாங்கலாம். பாசத்தைச் சட்டமாக எழுதி, ஆபீஸ் போட்டு, ஆள் வைத்து நடத்துகிறார்கள் பாருங்கள், அதைத்தான் படிக்கணும் என்று சொன்னேன்.

பாசம் சரி. இதனால் தொழிலுக்கு என்ன லாபம்?
– வாசகர், குளச்சல்

மார்ச் 17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது புனித பேட்ரிக் திருநாள். நியூயார்க்கில் 1762 முதல் ஊர்வலம் போகிறது, சிகாகோவில் 1962 முதல் ஆற்றுத் தண்ணீரையே பச்சையாக்குகிறார்கள். 1952-ல் அமெரிக்காவில் இருந்த ஐரிஷ் தூதர் அதிபர் ட்ரூமனுக்கு ஒரு சின்னப் பெட்டியில் ஷாம்ராக் இலை அனுப்பினார். நம்மூர் புளியாரை மாதிரி மூன்று இலை விரியும் சின்னச் செடிதான் அது. அந்தப் பெட்டி வளர்ந்து வளர்ந்து, இன்றைக்கு அந்த நாளை ஒட்டி ஐரிஷ் பிரதமர் வெள்ளை மாளிகைக்கே போய் ஒரு கிண்ணம் இலை கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஐம்பது லட்சம் சொச்சம் பேர் உள்ள ஒரு நாட்டின் பிரதமருக்கு அமெரிக்க அதிபரோடு வருஷம் தவறாமல் ஒரு சந்திப்பு! அதே வாரம் மற்ற அமைச்சர்களும் ஆளுக்கொரு நாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். கொண்டாட்டத்துக்குக் கொண்டாட்டம், கூடவே கம்பெனிக்காரர்களோடு பேச்சு. திருநாளையும் வியாபாரத்தையும் ஒரே பயணத்தில் முடிப்பதில் அவர்களுக்குக் கூச்சமே இல்லை, நானும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. நம் கோட்டாறு சவேரியார் திருவிழாக் கடைகளில் வியாபாரம் நடக்கவில்லையா?

அடுத்தது ஷானன் விமான நிலையம். அந்தக் காலத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்கள் எண்ணெய் போட இறங்கிய இடம். 1947-ல் உலகத்தின் முதல் டூட்டி ஃப்ரீ (வரியில்லாமல் விற்கும்) விமான நிலையக் கடையைத் திறந்தது அங்கேதான். டூட்டி ஃப்ரீ வியாபாரத்திலேயே பின்னாளில் பெரும் பணம் பார்த்தவர் சக் ஃபீனி என்ற ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கர். சம்பாதித்ததில் 800 கோடி டாலருக்கும் மேல் தானமாகக் கொடுத்தார், அதுவும் வெகுகாலம் தன் பெயர் வெளியே தெரியாமல். அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு, குறிப்பாக லிமெரிக் பல்கலைக்கழகத்துக்கு அள்ளிக் கொடுத்தார். 2023-ல் இறந்தார், அதற்குள் கையில் இருந்ததைக் கிட்டத்தட்ட எல்லாம் கொடுத்து முடித்திருந்தார். அவரைப் பற்றிப் படித்ததிலிருந்து நம் ஊர்களில் வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் மூன்று மாடி வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம், இதில் ஒரு மாடிக்கான பணம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று மனசு கணக்குப் போடுகிறது. வீடு கட்டியவரைக் குறை சொல்லவில்லை. வந்து கேட்க, வாங்கிய காசுக்குக் கணக்குக் காட்ட ஊரில் ஓர் அமைப்பு இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஐரிஷ் பப் என்ற மதுக்கடை உலகம் முழுக்க இருப்பதும் ஒரு தொழில்தான். மர வேலைப்பாடு, கவுண்டர், விளக்கு எல்லாம் அயர்லாந்திலேயே செய்து கன்டெய்னரில் ஏற்றி அனுப்பும் கம்பெனிகள் இருக்கின்றன.

அயர்லாந்துக்கும் நம் பகுதிக்கும் ஏதாவது பழைய தொடர்பு உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

உண்டு, உங்கள் ஊரிலேயே! திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்ட கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில், 1814-ல். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர் ஊழியம் செய்ததும் அடக்கமானதும் பக்கத்து மாவட்டத்து இடையன்குடியில். அவர் மனைவி எலைசா நாகர்கோவில் மிஷனில் இருந்த மால்ட் தம்பதியின் மகள், ஆக கால்டுவெல் நாகர்கோவிலுக்கு மாப்பிள்ளை. அந்த மாமியார் மார்த்தா மால்ட்தான் 1820-களில் நம் பெண்களுக்கு லேஸ் பின்னல் சொல்லிக் கொடுத்தவர். அதை எலைசா இடையன்குடிக்குக் கொண்டு போனார்.

மார்த்தா ஐரிஷ்காரர் கிடையாது. ஆனால் பஞ்ச காலத்தில் அயர்லாந்திலும் கன்னியர் மடங்கள் லேஸ் பள்ளி நடத்திப் பெண்களுக்குக் கூலி கிடைக்கச் செய்தன. இரண்டு ஊர்ப் பெண்களும் தாங்கள் பின்னியதை ஒருநாளும் உடுத்தியிருக்க மாட்டார்கள், எல்லாம் கடல் தாண்டி விலைபோனது. பழைய நாகர்கோவில் லேஸ் துண்டு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தலைமுடி மாதிரி நூல், ஓர் இலையின் நரம்பு வரைக்கும் பின்னலில் தெரிகிறது, ஒரு முடிச்சுகூடக் கண்ணில் படவில்லை.

அப்புறம் குமரிமுனை. 1892-ல் விவேகானந்தர் வந்தது எல்லாருக்கும் தெரியும். அவருடைய சிஷ்யை நிவேதிதா வட அயர்லாந்தின் டங்கானன் ஊரில் பிறந்தவர்.

மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். அயர்லாந்துக்கு அனுப்ப ஓர் ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்கிறார். கொடுக்கலாமா சார்?
– ஒரு தாய், கருங்கல்

கொடுக்காதீர்கள் அம்மா. அங்கே என்.எம்.பி.ஐ. என்ற செவிலியர் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு மகளே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வில் அவர்கள் கேட்கும் மதிப்பெண் வேண்டும். வாரியத்தின் கடிதம் வந்த பிறகு அயர்லாந்தில் ஒரு தேர்வோ, மருத்துவமனையில் சில வாரப் பயிற்சியோ இருக்கும். ஆள் எடுத்த செலவை முதலாளி சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. நர்ஸ்களுக்குக் கிடைக்கும் வேலை பர்மிட்டில் கணவரையும் பிள்ளைகளையும் சீக்கிரமே அழைத்துக்கொள்ளலாம், கணவரும் வேலை பார்க்கலாம். என் உறவுப் பெண் ஒருத்தி ஓர் இடைத்தரகரிடம் நகையை விற்றுப் பணம் கட்டிவிட்டு ஒன்றரை வருஷம் அலைந்தாள், பிறகு தானே விண்ணப்பித்துப் போனாள். செலவுக்கு ரசீது தராத யாரிடமும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

நான் பஹ்ரைனில் மீன்பிடித் தொழிலில் இருக்கிறேன், சொந்த ஊர் தூத்தூர் பக்கம். அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திராமல் ஊர் அளவில் நாம் என்ன செய்யலாம் அண்ணாச்சி?

உங்கள் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே ஒதுக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தில் 1884-ல் தொடங்கிய ஜி.ஏ.ஏ. என்ற விளையாட்டுச் சங்கம் இருக்கிறது. கேலிக் கால்பந்து, மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங் என்று அவர்கள் சொந்த ஆட்டங்கள். அதன் உயிரே ஊர்க் கிளப்தான், சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் கிடையாது. வெளிநாட்டிலும் நூற்றுக்கணக்கான கிளப்புகள். புது ஊரில் இறங்கும் பையன் முதலில் தேடிப்போவது அந்த மைதானத்தைத்தான், ரூமும் வேலையும் அங்கே பேசியே கிடைத்துவிடும். லண்டன் அணியும் நியூயார்க் அணியும் அயர்லாந்தின் கன்னாட் மாகாணப் போட்டியில் சேர்ந்தே ஆடுகின்றன. வருஷக்கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்த நியூயார்க் 2023-ல் லீட்ரிம் அணியைப் பெனால்டியில் வென்று முதல் வெற்றியைப் பார்த்தது. நம் கடற்கரைப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், ஊர்ப் பெயரில் அங்கே ஓர் அணி, விடுமுறைக்கு வரும்போது இங்கே ஓர் ஆட்டம் என்று தொடங்கலாமே.

அதைவிட முக்கியமானது ஒன்று. 1985-ல் அயர்லாந்துக் கத்தோலிக்க ஆயர்கள், வெளிநாட்டுச் சிறைகளில் இருக்கும் ஐரிஷ்காரர்களுக்காகவே ஓர் அமைப்பு தொடங்கினார்கள். குற்றம் செய்தாரா இல்லையா என்று பார்க்காமல் கடிதம் எழுதுவது, போய்ப் பார்ப்பது, ஊரில் தவிக்கும் குடும்பத்தோடு பேசுவது என்று இன்றும் நடத்துகிறார்கள். ஐரிஷ் அரசும் 2004 முதல் வெளிநாட்டு ஐரிஷ் நலச் சங்கங்களுக்கு ஒரு திட்டம் போட்டு நிதி கொடுக்கிறது. எல்லை தாண்டினார்கள் என்று வளைகுடாவில் நம் ஆட்கள் பிடிபடும்போது இங்கே வீட்டில் என்ன நடக்கிறது? படகு எண் தெரியாது, முதலாளி பெயர் சரியாகத் தெரியாது, பாஸ்போர்ட் நகல் இருக்காது. அந்த அம்மா கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெறுங்கையோடு நிற்பார்.

அதனால் முதல் வேலையாக ஊர் கமிட்டியில் ஒரு நோட்டு போடுங்கள். போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: பாஸ்போர்ட் நகல், விசா நகல், முதலாளி பெயர், போன் நம்பர், படகு எண், கூட இருக்கும் இரண்டு பேரின் நம்பர். படகு மாறினால் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், இங்கே திருத்திக்கொள்ளலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலவாரியத்திலும் பெயரைப் பதிந்துவிடுங்கள், அடையாள அட்டையும் காப்பீட்டு வசதியும் உண்டு. நோட்டைப் பூட்டி வைக்க ஒரு பீரோ, எழுத ஒரு படித்த பிள்ளை, செலவு அவ்வளவுதான். அடுத்த விடுமுறைக்கு வரும்போது சொல்லுங்கள், முதல் பக்கத்தை எழுதும் அன்றைக்கு நானும் தூத்தூருக்கு வருகிறேன்.