பெண் எலியும் பெலிம்பிங் சாறும்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 54. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்தவள். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களிலும் பொட்டுப் பொட்டாகக் கால்சியம் படிந்திருப்பதாக எழுதியிருக்கிறது. பால் உணவு கொடுத்த பெண் எலிகளுக்கு இப்படித்தான் படிந்ததாம். மகன் கைப்பேசியில் படித்துக் காட்டினான். பால், தயிர், நெத்திலி எல்லாம் நிறுத்திவிட்டேன். படிவு கரைய, மூன்று வாரமாக வெறும் வயிற்றில், வேலியோரம் காய்க்கும் பெலிம்பிங் பூலோ என்ற புளிப்புக் காயின் சாறு ஒரு கிளாஸும் வைட்டமின் சி மாத்திரையும் எடுக்கிறேன். அண்ணன் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறார். எனக்கு முடி கொட்டுகிறது, முதுகு வலிக்கிறது. ஐந்தாறு நாளாகச் சிறுநீர் கொஞ்சமாகத்தான் போகிறது, சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது; வெயில் காரணமாக இருக்கும். நான் பால் குடிக்கலாமா?

பதில்: பாலைப் பற்றிப் பிறகு பேசலாம், அம்மா. முடிக்கும் முதுகுக்கும் பின்னால், வெயில்மேல் பழியைப் போட்டு ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என்னைத் தூக்கிவாரிப்போட்டது அதுதான். சாறு குடிக்கத் தொடங்கியபின் சிறுநீர் குறைந்திருக்கிறது, கூடவே குமட்டல். தொலைபேசி எண் கொடுத்திருந்ததால் அன்றைக்கே அழைத்து, சாற்றை நிறுத்திவிட்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். இங்கே எழுதக் காரணம், உங்கள் வேலியோரம் நிற்கும் அதே மரம் ஊரில் பல வீட்டு வேலியோரமும் நிற்கிறது.

பெலிம்பிங் பூலோவில், கால்சியத்தோடு சேர்ந்தால் கல்லாகும் ஆக்சலேட் என்ற பொருள் மிக அதிகம். மீன் குழம்பில் இரண்டு காய் போட்டால் ஒன்றும் ஆகாது. கை கொள்ளாத காயைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிப்பது வேறு கதை. உணவில் கால்சியம் இருந்தால் அது ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். நீங்களோ பாலையும் நெத்திலியையும் நிறுத்தி அந்தக் காவலையும் எடுத்துவிட்டீர்கள். இரத்தத்தில் ஏறிய ஆக்சலேட் சிறுநீரகத்துக்குள் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி, நுண்குழாய்களை அடைக்கிறது. அளவுக்கு மிஞ்சிய வைட்டமின் சியும் உடலில் ஒரு பகுதி ஆக்சலேட்டாகத்தான் மாறும். கரைக்கிறேன் என்று நீங்கள் சேர்த்துக்கொண்டிருந்தது அதே சரக்கு!

கேரளத்திலும் கொழுப்பு குறையும் என்று இந்தச் சாற்றைக் குடிக்கும் வழக்கம் உண்டு. அதனால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த 10 பேரைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் 2013இல் எழுதினார்கள். அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. நேரத்தோடு நிறுத்திச் சிகிச்சை பெற்றால் பெரும்பாலும் மீளலாம். ஆகவே இந்தச் சாறு குடிப்பவர் யாராக இருந்தாலும், சிறுநீர் குறைந்தால் அன்றே இரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டும் கழிவு, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலில் தேங்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும் சாற்றைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள். "காய்தானே" என்று சொல்லாமல் விடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இனி அந்த எலிகள். ஆய்வுக்கூட எலிகளுக்கென்று அமெரிக்காவில் 1970களில் வகுத்த ஓர் உணவில் ஐந்தில் ஒரு பங்கு பால் புரதம், பாதி சர்க்கரை. அதைத் தின்ற எலிகளுக்கு, குறிப்பாகப் பெண் எலிகளுக்கு, சிறுநீரகத்தில் கால்சியம் படிந்தது உண்மை. ஆனால் பெரிய கோளாறு, பாஸ்பரஸோடு ஒப்பிட்டால் கால்சியம் அதில் போதாமல் இருந்ததுதான். 1993இல் உணவை மாற்றி அமைத்தபோது அந்த விகிதத்தைக் கால்சியத்தின் பக்கம் உயர்த்தினார்கள், படிவு குறைந்தது. மகன் இந்தப் பாதியைப் படிக்கவில்லை போலும். பெண் எலி என்றதும் பயந்துவிட்டீர்கள். மனிதர்களில் சிறுநீரகக் கல் ஆண்களுக்குத்தான் கூடுதல்.

எலிக்குச் சிறுநீரகக் கல் தானாக எளிதில் வருவதில்லை. அதனால் ஆய்வாளர்கள் அதன் குடிநீரில் எத்திலீன் கிளைக்கால் கலக்கிறார்கள், வழக்கமாக 0.75 சதவீதம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் குளிர்விப்பு நீரில் இருக்கும் நஞ்சு அது. உடல் அதை ஆக்சலேட்டாக மாற்றும். சில வாரங்களில் படிகம் தயார். "கல்லைக் கரைக்கும் மூலிகை" விளம்பரங்கள் பலவற்றின் பின்னால் இருப்பவை இந்த எலிகள்தாம். ஆய்வாளர் நஞ்சு ஊற்றிச் செய்ததை நீங்கள் காய் பிழிந்து செய்திருக்கிறீர்கள்.

பால் குடிக்கலாமா என்பதற்கு நேரான பதில், இந்தக் கண்டம் தாண்டியதும் மருத்துவர் தடுக்காவிட்டால் சாப்பாட்டோடு பாலும் தயிரும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் திரும்பத் திரும்பக் கல் வந்த ஆண்களை 5 ஆண்டுகள் கவனித்து 2002இல் வெளியிட்டார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் வைத்து உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான். நெத்திலியும் உண்ணலாம், உப்பைக் கழுவிவிட்டு. கருவாட்டைக் குறையுங்கள்.

ஸ்கேனில் தெரிந்த பொட்டுகளைப் பார்த்து நடுங்க வேண்டாம். காரணம் தேட, இரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள்; கூடியிருந்தால், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியைச் சோதிப்பார்கள்.

டயாலிசிஸ் நாற்காலி உங்களுக்கும் காத்திருக்கிறதோ என்பதுதான் உங்கள் உண்மையான பயம். அண்ணனுக்குச் சர்க்கரை உண்டா என்று எழுதவில்லை. மலேசியாவில் டயாலிசிஸுக்கு வருபவர்களைக் கேட்டால் முதல் காரணம் அதுதான். உங்கள் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட். சாற்றுக்குப் போட்ட சர்க்கரையே அதைவிட விலை கூடுதலாக இருக்கும். அண்ணனுக்கு அந்தச் சாற்றை ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள், நட்சத்திரப் பழமும் கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அந்தப் பழம் நிற்காத விக்கலையும் வலிப்பையும் கொடுக்கும், உயிரும் போயிருக்கிறது.

முடி இந்த வயதில் கொஞ்சம் கொட்டும். முதுகு வலி, குனிந்து குனிந்து மரம் சீவியதால் இருக்கலாம்; மருத்துவரிடம் அதையும் சொல்லிவிட்டுத் தைலம் தடவுங்கள். மளிகைக் கடையில் விற்கும் வலி மாத்திரை இப்போது வேண்டவே வேண்டாம், அவற்றில் பல சிறுநீரகத்தைத்தான் போய்த் தாக்கும்.