எலிசா கால்டுவெல்லின் வேலை – கடிதமும் பதிலும்

ஐயா,

கால்டுவெல்லைத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அறிஞராக மட்டுமே நாங்கள் படித்திருக்கிறோம். அவரும் அவர் மனைவி எலிசாவும் திருநெல்வேலிப் பகுதியின் இடையன்குடியில் அன்றாடம் எப்படி வாழ்ந்தார்கள்? அந்த அம்மையார் கணவருக்குத் துணையாக வீட்டைக் கவனித்துக்கொண்டார் என்று கொள்வது போதுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

போதாது. அப்படிக் கொண்டால் இடையன்குடியில் நடந்த வேலையில் பெரும்பகுதி கணக்கில் வராமல் போய்விடும்.

அயர்லாந்தில் பிறந்து 1838-இல் கிறிஸ்தவ மிஷனெரியாகச் சென்னைக்கு வந்த ராபர்ட் கால்டுவெல், 1841-இல் இடையன்குடியை அடைந்தார். 1844-இல் அவர் மணந்த எலிசா, நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியரின் மகள். ஆகவே கணவர் முயன்று கற்ற தமிழ், மனைவிக்குச் சிறுவயது முதல் காதில் விழுந்த மொழி. இதை வைத்து ஒப்பிலக்கணத்தில் எலிசாவுக்குப் பங்கு கற்பிக்க வேண்டியதில்லை. அவருடைய வேலை தனியே பேசப்படும் அளவுக்குப் பெரியது.

கால்டுவெல்லின் நாட்கள் பெரும்பாலும் சபைகளைச் சுற்றியே கழிந்தன. ஊர் ஊராகச் செல்வது, உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் மேற்பார்வை செய்வது, தம்மை நியமித்த மிஷனெரிச் சங்கத்துக்கு அறிக்கை எழுதுவது, நிலம் வாங்கித் தெருக்களை நேராக அமைப்பது என்று அவருக்கு ஓயாத வேலை இருந்தது. அவர் ஊரில் இல்லாத நாட்களிலும் நின்றுவிடாமல் நடக்க வேண்டியது பெண்களுக்கான போர்டிங் பள்ளி. அதை நடத்தியவர் எலிசா.

இந்தப் பள்ளி எளிய காரியமன்று. தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும் பனையுமான அந்தப் பகுதியில், பருவகாலத்தில் ஆண்கள் காலையும் மாலையும் பனையேறுவார்கள். பெண்கள் பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சுவார்கள். விறகு சேர்க்கவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் பெண்பிள்ளைகள் தேவைப்பட்ட வீடுகளில், ஒரு பெண்ணைப் படிக்க அனுப்புவது உழைக்கும் ஒரு கையை இழப்பதாகவே இருந்திருக்கும். தாயார் மார்த்தா நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலை எலிசா இடையன்குடிக்குக் கொண்டுவந்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. பின்னல் விற்ற பணம் பெண்ணின் கையில் வருமானமானது. எந்தப் பிரசங்கத்தையும்விட இது பல வீடுகளின் வாசலைத் திறந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இவ்வளவு இருந்தும் அக்காலச் சங்கங்களின் ஏடுகளில் நியமனம் பெற்ற ஊழியர் கணவர்தான். மனைவியின் உழைப்பு திருமணத்தோடு சேர்ந்து வரும் ஒன்றாகவே கருதப்பட்டது. அறிக்கையை எழுதியவரும் கணவரே என்பதால், பள்ளி வளர்ந்த கதை நமக்குக் கிடைக்கும் அளவுக்கு அதை நடத்தியவரின் குரல் கிடைப்பதில்லை. பிள்ளைகளைப் படிப்புக்காகக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் தாமதமாக வரும் கடிதங்களுக்குக் காத்திருப்பது மிஷனெரிக் குடும்பங்களில் அன்று பரவலாக இருந்தது. தாய்மாரின் அந்தப் பிரிவும் அறிக்கைகளில் அரிதாகவே இடம்பெறும்.

இருந்தாலும் இவர்களுடைய வாழ்க்கையை வெறும் தியாகமாக வரைவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஓலைக் குடிசைகளுக்கு நடுவே பங்களாவில் வாழ்ந்தவர்கள் அவர்கள். நிலம், பள்ளி, ஊர் வழக்கு ஆகிய எல்லாவற்றிலும் இறுதிச் சொல் பெரும்பாலும் மிஷனெரியினுடையதாக இருந்தது. அந்த அதிகாரம் இல்லாமல் அத்தனை வேகமாகத் தெருவும் பள்ளியும் எழுந்திருக்குமா என்பது ஐயமே.

1877-இல் கால்டுவெல் ஆயரானார். 1891-இல் கொடைக்கானலில் காலமானார். அவருடைய நினைவுக் குறிப்புகளை மருமகன் வையட் 1894-இல் பதிப்பித்தார். எலிசாவைத் தேடுவதானால் அந்நூலோடு நின்றுவிடாமல், பழைய மிஷன் அறிக்கைகளில் பெண்கள் பள்ளி, லேஸ் ஆகியவற்றைப் பற்றிய பகுதிகளையும் படித்துப் பாருங்கள்.