ஊற்றாமலே கூடும் எஞ்சின் எண்ணெய்: ஹெட்டுக்குள் ஒழுகும் டீசல்

கேள்வி: ஐயா, வணக்கம். மலேசியாவின் பினாங்கில், நிபோங் திபால் பக்கம் எனக்கு ஆறு ஏக்கர் செம்பனை இருக்கிறது. கன்று நட்டு மூன்று வருடம். கூடவே சில மாடுகள். நிலம் பள்ளம் என்பதால் மழைத் தண்ணீரை இறைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். அதற்குப் பழைய படகிலிருந்து கழற்றிய ஜிஎம் 4-71 டீசல் எஞ்சினைப் பம்பில் பூட்டியிருக்கிறேன். ஒரு மாதமாக மினியாக் ஈத்தாம் (எஞ்சின் எண்ணெய்) குறையாமல் கூடிக்கொண்டே போகிறது. அளவுக் குச்சியில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் அகலம் நிற்கிறது. டீசல் வாடை அடிக்கிறது. ஆனால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, முழுசாகப் பிரிக்க வேண்டும் என்கிறார் போர்மேன் (மெக்கானிக்). மழை மாதம் நெருங்குகிறது. என்ன செய்வது?

பதில்: வணக்கம் ஐயா. முதல் வேலையாக, எண்ணெயை மாற்றும்வரை அந்த எஞ்சினை முடுக்காதீர்கள். டீசல் கலந்த எண்ணெய் நீர்த்துப்போய்விடும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே படலமாக நிற்காது. பல வருடங்களுக்கு முன் நானே இந்த வாடையை அலட்சியம் செய்து, "இன்றைக்கு மட்டும் ஓட்டிவிடலாம்" என்று ஒரு எஞ்சினை ஓட்டி, சாயங்காலத்துக்குள் பேரிங்கைத் தின்னக் கொடுத்தவன். இன்னொரு ஆபத்தும் உண்டு. உங்களுடையது டூ ஸ்ட்ரோக், சிலிண்டருக்குள் காற்றைத் தள்ளும் புளோவர் வைத்தது. எண்ணெய் மட்டம் ஏறி, புளோவர் சீலும் தேய்ந்திருந்தால், அந்த எண்ணெய் காற்றோடு சிலிண்டருக்குள் போய் எரியும். அப்போது டீசலை அடைத்தாலும் எஞ்சின் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். காற்று வாயில் இருக்கும் அவசர மூடி விழுகிறதா என்று இன்றே பாருங்கள். மூடி இல்லையென்றால், காற்று வாயை அடைக்கிற அளவுக்கு ஒரு தடித்த பலகையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

போர்மேன் சொல்வதை நான் இப்போதே ஏற்கமாட்டேன். ரிங் தேய்ந்தால் பெரும்பாலும் எண்ணெய் எரிந்து குறையும், புகை நீலமாக வரும். உங்களுக்கு நடப்பது அதற்கு நேர்மாறு. எண்ணெய் பால்போல வெளுத்திருக்கிறதா? அப்படியானால் தண்ணீர் கலந்திருக்கிறது, அது வேறு கதை. கறுப்பாகவே இருந்து, விரலில் தொட்டால் வழவழப்பில்லாமல் ஓடினால் டீசல்தான்.

வெளியே ஒழுகாமல் டீசல் எப்படி உள்ளே போகிறது என்பதுதான் உங்கள் குழப்பம். ஒற்றைச் சிலிண்டர் குபோட்டாவையோ யன்மாரையோ நினைத்துப் பாருங்கள். டீசல் பம்பிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குக் கனத்த இரும்புக் குழாய் வெளியிலேயே வளைந்து போகும். கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். உங்கள் 4-71 சேர்ந்த 71 வரிசை எஞ்சின்களில் அப்படி இல்லை. டீசல் வரும் வழி ஒன்று, திரும்பும் வழி ஒன்று என இரண்டு நீளமான பாதைகள் ஹெட்டின் (சிலிண்டர்களுக்கு மேலிருக்கும் மூடியின்) வார்ப்புக்குள்ளேயே ஓடுகின்றன. ஹெட்டின் பக்கவாட்டில் 'இன்', 'அவுட்' என்ற எழுத்துகள் வார்ப்பிலேயே இருக்கும், துடைத்துப் பாருங்கள். அந்தப் பாதைகளிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கொக்கிபோல வளைந்த இரண்டு சிறு குழாய்கள். நான்கு சிலிண்டருக்கு எட்டுக் குழாய், பதினாறு முனை. அத்தனையும் வால்வு மூடிக்கு அடியில் இருப்பதால், எந்த முனை கசிந்தாலும் டீசல் நேராக எண்ணெய்த் தொட்டியில்தான் இறங்கும்.

இப்படி அமைத்ததில் ஒரு நன்மை இருக்கிறது. வெளிக்குழாய் அதிர்வில் விரிசல் விட்டு, சூடான புகைக்குழாய்மேல் டீசல் தெறித்தால் தீப்பிடிக்கும். படகின் அடித்தட்டில் அது உயிருக்கே ஆபத்து. இன்ஜெக்டருக்குப் போகும் டீசலில் எரிவது கொஞ்சம்தான். மீதி இன்ஜெக்டரைக் குளிர்வித்துக்கொண்டே டேங்குக்குத் திரும்பும். என் கணக்கில் இது நல்ல அமைப்பு. ஆனால் கசிவைத் தானாகக் காட்டிக்கொடுக்காது, நாம்தான் தேடவேண்டும்.

தேடுவதைச் சாயங்காலமே தொடங்குங்கள். உங்கள் டீசல் டேங்க் ஹெட்டைவிட உயரத்தில் இருக்கிறதா? இருந்தால், எஞ்சினை ஓட்டாமலே அளவுக் குச்சியில் மட்டத்தைக் கீறி வைத்துவிட்டு, காலையில் திரும்பப் பாருங்கள். ஓடாமலே ஏறியிருந்தால், டேங்கின் பாரத்திலேயே டீசல் இறங்குகிறது. டேங்கின் அடியில் ஒரு அடைப்பு வால்வு போட்டு, வேலை முடிந்ததும் மூடுங்கள். கசிவு எங்கே என்பதைத் தேடத்தான் வேண்டும். ஆனால் இரவில் எண்ணெய் கெடுவது அன்றைக்கே நிற்கும்.

அப்புறம், எண்ணெயை மாற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டிச் சூடேற்றி நிறுத்துங்கள். வால்வு மூடியைத் திறந்து, வெதுவெதுப்பான புது எண்ணெயைச் சிறு குழாய்கள்மேலும் முனைகள்மேலும் ஊற்றுங்கள். எல்லாம் மினுமினுவென்று படலம் போர்த்தியிருக்கும். பிறகு டீசல் பாதைக்கு அழுத்தம் கொடுத்துப் பாருங்கள், அல்லது மறுபடியும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கசியும் இடத்தில் டீசல் அந்தப் படலத்தைக் கழுவிக்கொண்டு ஓடும். பளபளப்புக்கு நடுவே ஒரு வெளுத்த கோடு தெரியும். நல்ல டார்ச் விளக்கு போதும்.

கோடு தெரிந்தால், உடனே ஸ்பேனரை எடுத்து பலம்கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். பாதிக் கசிவு இப்படி முறுக்கியதால்தான் வந்திருக்கும். விரிந்த முனை நசுங்கி விரிசல் விடும். 12 முதல் 15 அடி-பவுண்டு முறுக்கு போதும். பழைய முனையைச் சமாளிக்கப் பார்க்காமல் புதுக் குழாய் வாங்கிப் போடுங்கள். இன்ஜெக்டரைத் தொட்டிருந்தால், முடுக்குவதற்குமுன் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) தங்குதடையின்றி நகர்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்தே ஆகவேண்டும்.

மேலே கசிவே இல்லையா? டீசல் பம்புக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் இரு சீல்களுக்கு நடுவே கசிவதை வெளியே சொட்டவிட்டு எச்சரிக்கவே அந்தத் துளை. படகில் இருந்த எஞ்சின் என்பதால் சாயமோ கிரீஸோ அதை அடைத்திருக்கலாம். அடைத்திருந்தால் டீசல் உள்பக்கம் புகும். கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். சொட்டத் தொடங்கினால் சீலை மாற்றுங்கள். இன்ஜெக்டர் நுனி ஒழுகுவது, ஹெட்டில் விரிசல் இவையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ரப்பர் சீல் வாங்கும்போது வைட்டன் (டீசலைத் தாங்கும் செயற்கை ரப்பர்) கேளுங்கள். 2019-இல் நம் பெட்ரோல் நிலைய டீசலில் செம்பனை பயோடீசலின் அளவை 10 விழுக்காடாக உயர்த்தினார்கள். பழைய காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பயோடீசல் எஞ்சின் சூட்டில் எளிதில் ஆவியாகவும் செய்யாது, கலந்தால் எண்ணெயிலேயே தங்கும். அதனால் "ஓடினால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எண்ணெய் எஸ்ஏஇ 40, ஒற்றைத் தரம், டூ ஸ்ட்ரோக் டீசலுக்கான சிஎஃப்-2 ரகமாக இருக்கட்டும். லோரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 இதற்கு ஆகாது.

நம் பக்கம் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கொட்டும். அதற்குள் வேலை முடியாதென்றால், பக்கத்துத் தோட்டத்துப் பம்பை இப்போதே பேசி வையுங்கள். மூன்று வயதுக் கன்றின் வேர் ஓரிரு நாள் தண்ணீரைத் தாங்கும். வாரக்கணக்கில் நின்றால் மட்டை மஞ்சளாகும், வளர்ச்சி நின்றுவிடும்.

வடித்த எண்ணெயை வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள். மாடுகள் அங்கேதானே தண்ணீர் குடிக்கின்றன. மூடியுள்ள டின்னில் ஊற்றி, அவை நக்க முடியாத இடத்தில் வைத்து, பழைய எண்ணெய் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.