அப்லோட் ஓடும்போது போன் காலில் குரல் வெட்டுகிறதா? பெரிய பிளானுக்கு மாறும் முன்...

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி அலுவலகம் வைத்திருக்கிறோம். ஃபைபர் இணைப்பு; டவுன்லோட் 100, அப்லோட் 20 எம்பிபிஎஸ். சாம்பிள் தோல்களின் வீடியோவை கூகுள் டிரைவில் ஏற்றும்போது வாட்ஸ்அப்பில் பேசினால், எங்கள் குரல் வெட்டி வெட்டிக் கேட்பதாக வெளிநாட்டு பையர் சொல்கிறார். அவர் பேசுவது எங்களுக்குத் தெளிவாகவே கேட்கிறது. 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவர் குரல் தெளிவாக வருகிறது, உங்கள் குரல்தான் போய்ச் சேரவில்லை என்றால் சிக்கல் அப்லோட் பக்கம் இருக்கிறது. குரல் அழைப்புக்கு 100 கிலோபிட்கூடத் தேவைப்படாது. தூரத்தையும் குறை சொல்ல முடியாது. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ராணிப்பேட்டையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப 2 மில்லிநொடிகூட ஆகாது. நேரம் விரயமாவது உங்கள் மோடத்துக்குள்ளேயே, தரவு வெளியேறக் காத்து நிற்கும் வரிசையில்.

பழைய லேண்ட்லைனில் இந்தத் தொல்லை கிடையாது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் ஒரு காலுக்கு 64 கிலோபிட் பாதை முழுவதுமாக ஒதுக்கப்படும். பாதை காலியில்லை என்றால் கால் போகவே போகாது. போய்விட்டால் நடுவில் யாரும் குறுக்கே வர முடியாது. இணையத்தில் ஒதுக்கீடு என்பதே இல்லை. குரலோ வீடியோவோ, எல்லாம் பாக்கெட் எனும் சிறு தரவுத் துண்டுகளாகத்தான் போகும்; எல்லாருடைய பாக்கெட்டும் ஒரே வரிசையில் நின்றுதான் வெளியேற வேண்டும். அதனால்தான் இணையம் மலிவு.

கோப்பை அனுப்பும் டிசிபி என்ற நெறிமுறைக்கு லைன் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டித் தெரியாது. பாக்கெட் தொலையும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், தொலைந்தால்தான் குறைக்கும். மோடத்தில் பெரிய பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) இருந்தால், அது நிரம்பும் வரை எதுவும் தொலையாது, வரிசைதான் நீளும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 மெகாபைட் பஃபர் என்றால் 8 மெகாபிட், 20 எம்பிபிஎஸ் லைனில் அது காலியாக 0.4 நொடி, அதாவது 400 மில்லிநொடி. குரல் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். வரிசை நீண்டு குறையும்போது பாக்கெட்டுகள் சீரற்ற இடைவெளியில் வந்து சேர்வதால்தான் குரல் வெட்டுகிறது.

சோதிப்பது சுலபம். லேன் கேபிளில் இணைத்த கம்ப்யூட்டரில் 8.8.8.8 என்ற கூகுள் சர்வருக்கு பிங் ஓட விடுங்கள்; பதில் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அது காட்டும். அப்புறம் வீடியோவை ஏற்றத் தொடங்குங்கள். 10, 20 என்றிருந்த எண் நூற்றுக்கணக்கில் எகிறினால் காரணம் இதுதான்.

சரி, தீர்வு? டிரைவ் செயலியின் அமைப்பில் அப்லோட் வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். 15 எம்பிபிஎஸ் போதும். பல கம்ப்யூட்டர்கள் இருந்தால் ரவுட்டரிலேயே மொத்த அப்லோடை 17, 18-க்குள் கட்டுங்கள். ரவுட்டரில் எஸ்கியூஎம் (SQM) என்ற வரிசை மேலாண்மை வசதி இருந்தால் கட்டாயம் போடுங்கள். அது ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து, குரல் பாக்கெட்டை வீடியோவுக்குப் பின்னால் நிற்க விடாது. நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

இதற்குப் பிறகும் வீடியோ ஏற நேரமாகிறது என்று தோன்றினால் பிளானை மாற்றுங்கள். அப்போது 300 என்ற டவுன்லோட் எண்ணை விட்டுவிட்டு, அப்லோட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.