மூன்று நிதியாளர், மூன்று சர்வே: ஒரே வீட்டுக்கு எத்தனை முறை போவது?

கேள்வி: நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகிய பழங்குடிகளின் குடியிருப்புகளில் வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. மூன்று வெளிநாட்டு அமைப்புகள் நிதி தருகின்றன: ஒன்று குழந்தைகள் ஊட்டச்சத்துக்கு, ஒன்று பள்ளிக் கல்விக்கு, ஒன்று வாழ்வாதாரத்துக்கு. மூவரும் தனித்தனி சர்வே கேட்கிறார்கள். ஃபார்ம், செயலி, கெடு எல்லாமே வேறு வேறு. "போன மாசம்தானே எழுதிட்டுப் போனீங்க" என்று மக்கள் சலித்துக்கொள்கிறார்கள். நாடுகளின் புள்ளியியல் துறைகளுக்கு வரும் வெளிநாட்டு உதவியை ஒருங்கிணைக்க ஒரு முறை இருக்கிறதாமே, அது எங்களுக்குப் பொருந்துமா? பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து பணத்தைப் பொதுவில் போட்டு ஒரே சர்வே நடத்தலாமா?

பதில்: முறை பொருந்தும். பணத்தைப் பொதுவில் போடுவது மட்டும் முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் தொல்லையைப் பல ஏழை நாடுகளின் புள்ளியியல் அலுவலகங்கள் நெடுங்காலமாகப் படுகின்றன. ஒரு கொடையாளருக்கு மக்கள்நல சர்வே வேண்டும், இன்னொருவருக்கு வறுமை சர்வே, மூன்றாமவருக்கு விவசாயக் கணக்கெடுப்பு. அலுவலகத்தில் நன்றாக வேலை தெரிந்த நாலு பேரும் இவற்றின் பின்னாலேயே ஓடுவார்கள். பிறப்பு இறப்புப் பதிவு, விலைவாசிக் குறியீடு போன்ற அன்றாட வேலைகள் கிடப்பில் கிடக்கும். இதைச் சரிசெய்யத்தான் 1999இல் ஐ.நா., உலக வங்கி, பன்னாட்டு நிதியம், ஐரோப்பிய ஆணையம், ஓஇசிடி (வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) ஆகியவை சேர்ந்து 'பாரிஸ்21' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. 2004இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஒரு செயல்திட்டம் உருவானது. ஒவ்வொரு நாடும் தன் புள்ளிவிவர வளர்ச்சிக்கான திட்டத்தைத் தானே எழுத வேண்டும், கொடையாளர்கள் அந்தத் திட்டத்துக்குள் வந்து உதவ வேண்டும் என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டு வந்த பாரிஸ் பிரகடனம், வெளிநாட்டு உதவி முழுவதற்கும் இதே நெறியைச் சொன்னது. ருவாண்டா இதை ஒழுங்காகப் பிடித்துக்கொண்ட நாடு. 2005இல் தேசியப் புள்ளியியல் நிறுவனம் அமைத்தது, பிறகு தன் திட்டத்தை எழுதியது, அதற்கென ஒரு பொது நிதியில் கொடையாளர்கள் சிலரைப் பணம் போட வைத்தது.

இதில் நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான். நிதியாளர்களை ஒருங்கிணைக்கும் வேலையை நிதியாளர்களிடம் விடக்கூடாது. நிதி பெறுபவர் கையில் எழுதிய திட்டம் இருந்தால் பேச்சு அதைச் சுற்றி நடக்கும். இல்லாவிட்டால் எத்தனை கூட்டம் போட்டாலும் அவரவர் தேவையைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆகவே முதலில் நீங்கள் ஒரு திட்டம் எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். அடுத்த மூன்று ஆண்டுகளில் உங்கள் வேலைக்கே எந்த விவரங்கள் தேவை, எந்தக் குடியிருப்புகளில், எந்த மாதத்தில். நிதியாளர் கேட்பதை அப்போது சேர்க்காதீர்கள்.

அப்புறம் மூன்று ஃபார்ம்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கேள்வியாக ஒப்பிடுங்கள். இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். 'குடும்பத்தில் எத்தனை பேர்' என்ற கேள்வியையே எடுங்கள். நம் அரசு நடத்தும் தேசிய மாதிரி ஆய்வு, ஒரே சமையலில் சாப்பிட்டுச் சேர்ந்து வாழ்பவர்களை ஒரு குடும்பமாகக் கொள்கிறது. உலக அளவில் நடக்கும் மக்கள்நல சர்வேக்களில் நேற்றிரவு அந்த வீட்டில் தூங்கியவர் யார் என்றும் கேட்பார்கள். ஒரு பணியர் வீட்டுப் பெண் குழந்தை அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கிறாள் என்று வையுங்கள். நேற்றிரவு தூங்கியவரைக் கேட்கும் ஊட்டச்சத்து சர்வேக்கு வார நாளில் போனால் அவள் கணக்கில் வரமாட்டாள், வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் எழுதும் கல்வி சர்வேயில் வருவாள். ஆண்டு முடிவில் இரண்டு அறிக்கையிலும் குழந்தைகள் எண்ணிக்கை வேறாக இருக்கும், விளக்கம் கேட்டு உங்களுக்குத்தான் மின்னஞ்சல் வரும். ஃபார்மில் 'வெளியே தங்கினாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவரா', 'நேற்றிரவு இங்கே தூங்கினாரா' என்று இரண்டு கட்டம் வைத்துவிட்டால் ஒரே வருகையில் இருவருக்கும் விடை கிடைத்துவிடும்.

சமூகப் பெயரும் அப்படித்தான். அரசின் பழங்குடியினர் பட்டியலில் குறும்பர் என்று ஒரே பெயர்தான் உண்டு. உங்கள் பகுதியிலோ பெட்டக் குறும்பரும் முள்ளுக் குறும்பரும் மொழியிலும் பிழைப்பிலும் வேறுபட்டவர்கள். பிரித்தே பதிவு செய்யுங்கள். பிரித்து எழுதியதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், சேர்த்து எழுதியதைப் பிரிக்க மறுபடி மலை ஏற வேண்டும்.

பொதுவாக வரும் கேள்விகளை வைத்து ஓர் அடிப்படைக் குடும்பப் பட்டியல் தயாரியுங்கள். குடியிருப்பு எண், வீட்டு எண், ஆள் எண் மூன்றும் மாறவே கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை இதை எடுத்துவிட்டால், நிதியாளரின் தனிக் கேள்விகளை அதனுடன் இணைப்பாக ஒட்டிக்கொள்ளலாம்.

காலத்தையும் நீங்களே முடிவு செய்யுங்கள். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபரில் தொடங்கும், ஐரோப்பிய அமைப்புகள் பலவற்றுக்கு ஜனவரி, நமக்கு ஏப்ரல். அவரவர் கெடுவுக்கு ஓடினால் ஜூலை மழையில் தேவாலாவில் டேப்லெட்டோடு நிற்க நேரும். காப்பிப் பறிப்புக் காலத்தில் பகலில் வீட்டில் ஆள் இருக்காது, தேன் எடுக்கும் காலத்தில் ஆண்கள் காட்டில் இருப்பார்கள். இந்த நாட்காட்டியை எழுதிக் கொடுத்தால் பெரும்பாலான நிதியாளர்கள் ஏற்பார்கள். அவர்களுக்கு இது தெரியாது, அவ்வளவுதான்.

இனி பணம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்தின்படி, பெற்ற வெளிநாட்டு நிதியை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, அந்த நிறுவனம் பதிவு பெற்றதாக இருந்தாலும் சரி. நிர்வாகச் செலவுக்கும் 20 சதவீதம்தான் உச்சவரம்பு. எனவே ருவாண்டா மாதிரி பொது நிதி உங்களுக்கு வழியில்லை. ஆனால் ஒரே ஃபார்ம், ஒரே குறியீட்டுத் தாள் (எந்த விடைக்கு எந்த எண் என்ற பட்டியல்), ஒரே பயிற்சிக் குறிப்பு ஆகியவற்றைப் பக்கத்து நிறுவனங்களோடு பகிர்ந்து, அவரவர் பகுதியை அவரவர் செலவில் எடுக்கலாம். பிறகு தொகுத்த எண்களை மட்டும் சேருங்கள். பத்து வீடு உள்ள குடியிருப்பில் பெயரை அழித்தாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதனால் குடியிருப்பு வாரியான விவரம் வெளியே போக வேண்டாம். எதைச் செய்யும் முன்னும் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தரவு உங்கள் கணினியிலும் இருக்கட்டும், நிதியாளரின் சர்வரில் மட்டும் வேண்டாம். 1984 முதல் அமெரிக்க நிதியில் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்துவந்த மக்கள்தொகை, உடல்நல சர்வே திட்டம் 2025 தொடக்கத்தில் நின்றுபோனது. நடந்துகொண்டிருந்த சர்வேக்கள் பாதியில் நின்றன. நம் தேசியக் குடும்பநல ஆய்வும் 1992-93இல் அமெரிக்க உதவியோடு தொடங்கியதுதான். ஆனால் அதை ஆரம்பத்திலிருந்தே ஒருங்கிணைத்து வருவது மும்பையில் உள்ள நம் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம். அதனால் வேலை தெரிந்தவர்கள் இங்கேயே உருவானார்கள்.

மூவரில் யாரிடம் முதலில் பேசுவது? யாருடைய ஒப்பந்தம் அடுத்ததாகப் புதுப்பிக்கப்பட இருக்கிறதோ அவரிடம். ஒப்பந்தம் ஓடும்போது ஃபார்மை மாற்றுவது அவர்களுக்கும் சிரமம். புதிதாக எழுதும்போது 'நிறுவனத்தின் பொது ஃபார்ம் பயன்படுத்தப்படும்' என்று ஒரு வரி சேர்ப்பது சுலபம். அவர் ஒப்புக்கொண்டால் அந்த வரியையே மற்ற இருவருக்கும் காட்டலாம். ஒருவர் மறுத்தால் சண்டை வேண்டாம். அவருடைய தனி சர்வேக்கு ஆகும் ஜீப் வாடகை, கணக்கெடுப்பாளர் சம்பளம், பயிற்சிச் செலவு எல்லாவற்றையும் பட்ஜெட்டில் தனி வரியாகக் காட்டி அனுப்புங்கள். தொகையைப் பார்த்ததும் எந்தக் கேள்விகள் இல்லாமலும் சமாளிக்கலாம் என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார்.