விடுதலையான பிறகும் ஏன் இந்தப் போராட்டம்? – கேள்வி பதில்

பாவத்திலிருந்து விடுதலை பற்றி, வேதாகமத்தில் பவுல் எழுதிய நிருபங்களான ரோமர் 6 முதல் 8 வரையும் கலாத்தியர் 5-ம் வைத்துக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. "பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது" என்று ரோமர் 6:14-ல் இருக்கிறது. என் கோபமோ அப்படியே இருக்கிறது. நான் இன்னும் விடுதலை ஆகவில்லையா?

பதில்: 'பாவம் உங்களை அண்டாது' என்று அங்கே இல்லை தம்பி, 'மேற்கொள்ளமாட்டாது' என்றுதான் இருக்கிறது. கிரேக்கத்தில் அது எஜமானாக இருந்து ஆளுவதைச் சொல்கிற வார்த்தை. இரண்டு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். பாவம் உங்கள் சரீரத்தில் "ஆளாதிருப்பதாக" என்கிறார் பவுல். பாவம் எட்டிப்பார்க்கவே முடியாது என்றால் இந்தக் கட்டளைக்கு என்ன வேலை? ஒன்று கேட்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கோபத்தில் கத்திவிட்டு, அதை நினைத்து ராத்திரி தூங்காமல் புரண்டிருக்கிறீர்களா? இன்று புரள்கிறீர்கள் என்றால் ஆள் மாறியிருக்கிறது. காலையில் எழுந்து மன்னிப்பும் கேளுங்கள், அதில்தான் பலருக்கும் தடுக்கிறது.

கேள்வி: ஐயா, ஆசைப்படுவதே பாவமா? எதற்கும் ஆசைப்படாமல் இருப்பதுதான் பரிசுத்தமா?

பதில்: இல்லை. புதிய ஏற்பாட்டில் 'இச்சை' என்று வருகிற இடங்களில் பெரும்பாலும் இருக்கிற கிரேக்கச் சொல் எபிதூமியா. லூக்கா 22:15-ல் பஸ்காவைச் சீஷர்களோடு சாப்பிட "மிகவும் ஆசையாயிருந்தேன்" என்று இயேசு சொல்கிறாரே, அங்கேயும் அதே சொல்தான். அதனால் ஆசையைக் கொன்றுபோடுவது கிறிஸ்தவ வழி அல்ல. யாக்கோபு 1:14 பழி போடுவது "சுய இச்சை"யின் மேல். "இழுக்கப்பட்டு, சிக்குண்டு" என்கிற இடத்தில் தூண்டில் இரையை நினைவுபடுத்தும் சொல்லை வைத்திருக்கிறார். இரை மீனுக்குப் பிடித்த சாப்பாடுதான். உள்ளே முள் இருக்கிறது, அவ்வளவே. வேலையில் உயரவேண்டும் என்ற ஆசை நல்லது. பக்கத்து இருக்கைக்காரர் உயரக்கூடாது என்பது அதோடு ஒட்டிக்கொண்டு வரும்போது முள் குத்திவிட்டது.

கேள்வி: கிருபைதான் இருக்கிறதே, பிறகு எப்படி வாழ்ந்தால் என்ன?

பதில்: பவுலிடமே கேட்டுவிட்டார்கள். ரோமர் 6:2, ஒரே வார்த்தை: "கூடாதே."

கேள்வி: மாம்சம் என்றால் உடம்பா? உடம்பை ஒடுக்கினால் விடுதலை கிடைக்குமா?

பதில்: சில இடங்களில் உடம்புதான். ஆனால் கலாத்தியர் 5-ல் அது தேவனை விட்டுவிட்டுத் தன்னையே நடுவில் வைத்துக்கொள்கிற சுபாவம். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 'ஊனியல்பு' என்று போட்டிருக்கிறார்கள், நல்ல சொல். 19 முதல் 21 வரை இருக்கிற மாம்சத்தின் கிரியைகளை எண்ணிப்பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் 17 இருக்கின்றன. பகை, விரோதம், வைராக்கியம், கோபம், சண்டை, பிரிவினை, மார்க்கபேதம், பொறாமை என்று 8 வரிசையாக வருகின்றன. நாம் பிரசங்கிப்பதெல்லாம் விபசாரத்தையும் வெறியையும் பற்றித்தான். நடுவில் இருக்கிற எட்டும் சபைக் கமிட்டிக் கூட்டத்திலேயே நடந்துவிடுவதால் கண்ணில் படுவதில்லை போலிருக்கிறது.

ஒடுக்குவதைப் பற்றி என் கதையையே சொல்கிறேன். ஒருமுறை நீண்ட உபவாசம் இருந்தேன். முடித்த அன்று, எத்தனை நாள் இருந்தீர்கள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. வயிறுதான் காலியாக இருந்தது, 'நான்' மட்டும் நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்திருந்தது. கொலோசெயர் 2:20-23-ல் "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்ற கட்டளைகளைப் பற்றிப் பவுல் சொல்வதும் இதுதான். பார்வைக்கு ஞானம் மாதிரி இருக்கும், மாம்சத்தை அடக்காது. உபவாசம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை மருந்தாக நம்பாதீர்கள்.

கேள்வி: "விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ரோமர் 7-ல் பவுல் சொல்வது இரட்சிப்புக்கு முன்பா, பின்பா?

பதில்: பழைய சண்டை இது. ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டீனே முதலில், இது நியாயப்பிரமாணத்தின் கீழ், அதாவது கிருபைக்கு வராமல் மோசேயின் சட்டத்தின் கீழ், இருப்பவனின் குரல் என்று எழுதினார். பிறகு மனம் மாறி, விசுவாசிக்கும் பொருந்தும் என்றார். நான் பிந்தைய அகஸ்டீன் பக்கம். ஆனால் 7-ஐ மட்டும் படித்துவிட்டு மூடிவைக்காதீர்கள். 24-ம் வசனத்தில் "யார் என்னை விடுதலையாக்குவார்?" என்ற கூப்பாடு வருகிறது. 'எப்படி' என்று கேட்கவில்லை, 'யார்' என்று கேட்கிறார். 8-ம் அதிகாரம் அந்தக் கேள்விக்குத்தான் பதில்: ஜீவனுடைய ஆவியின் பிரமாணம் விடுதலையாக்கிற்று என்கிறது.

கேள்வி: அண்ணா, பெயர் வேண்டாம். குடியை விட ஜெபித்துப் பார்த்துவிட்டேன், முடியவில்லை. விசுவாசக் குறைவா?

பதில்: இல்லை தம்பி. தனியாக ஜெபித்தீர்களா, யாரிடமாவது சொன்னீர்களா? "ஒருவருக்கொருவர்" அறிக்கையிடுங்கள் என்கிறது யாக்கோபு 5:16. ஊரெல்லாம் சொல்லாத, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். மருத்துவரையும் பாருங்கள், அது அவிசுவாசம் ஆகாது. நாள்பட்ட குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதனால் அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். மறுபடி விழுந்தால் அன்றைக்கே திரும்பி வாருங்கள். 'இனி என்ன முகத்தோடு போவது' என்று ஒளிந்துகொள்கிற வாரங்களில்தான் ஆட்கள் தொலைந்துபோகிறார்கள்.

கேள்வி: விடுதலை என்கிறோம், 'ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்' என்றும் கலாத்தியர் 5:13-ல் இருக்கிறது. முரண்பாடாகத் தெரியவில்லையா சகோதரரே?

பதில்: மூலத்தில் இன்னும் கடுமை சகோதரி, 'அடிமைகளாக இருங்கள்' என்ற அளவுக்கு. 1520-ல் திருச்சபைச் சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூத்தர் இந்த முடிச்சை எடுத்துத்தான் கிறிஸ்தவன் எவருக்கும் கீழ்ப்பட்டவன் அல்ல, எல்லாருக்கும் வேலைக்காரன் என்று எழுதினார். எனக்குப் புரிந்த வரையில், தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாதவனால்தான் இன்னொருவருக்கு மனதாரப் பணிவிடை செய்ய முடியும். கைதட்டலுக்காகச் செய்கிறவன் இன்னும் ஒரு எஜமானுக்குக் கீழேதான் இருக்கிறான். வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு வேலையைச் செய்துவிட்டு, ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள். எனக்கு இரண்டாம் நாளே நாக்கு அரித்தது.