கிணற்றில் கட்டம் போட்ட பாம்பு கிடக்கிறது. விஷமா? அடித்துவிடலாமா?

நீங்கள் எழுதியிருக்கும் கட்டம், தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு கிடப்பது, இரண்டையும் வைத்துப் பார்த்தால் தண்ணீர்ப் பாம்பாகத்தான் இருக்க வேண்டும். விஷம் கிடையாது. வீட்டில் யாரோ ஏற்கெனவே கம்பும் கையுமாக நிற்கிறார்கள் போல. முதலில் அதை வாங்கி ஓரமாக வையுங்கள்.

தள்ளி நின்றே முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு வாய்க்கு இறங்கும். கண்ணுக்குப் பின்னால் இன்னொன்று வாயோரத்துக்குச் சரியும். கண்மணி வட்டமாக இருக்கும். கண்ணாடி விரியனுக்கு அது செங்குத்துக் கீற்று. முதுகிலும் கட்டம் இல்லை, சங்கிலி வளையம். தண்ணீர்ப் பாம்புக்கு மீனும் தவளையும்தான் சாப்பாடு. கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். சீண்டினால் தலையைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக்கும். நல்ல பாம்பு என்று நினைத்து அடித்துக் கொன்றுவிடுகிறார்கள், பாவம்.

எங்கள் ஊர் காவிரி டெல்டா. ஒரு ஐப்பசி மழையில் வாய்க்காலில் கட்டியிருந்த நைலான் நரம்பு வலையில் தண்ணீர்ப் பாம்பு ஒன்று சிக்கிக்கொண்டது. பெரியப்பா அரிவாளை எடுத்தார். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். நரம்பு இறுகிக் கழுத்துத் தோல் பிதுங்கியிருந்தது. ஒவ்வொரு கண்ணியாக வெட்டிக்கொண்டே வந்தால், கடைசிக் கண்ணியில் கட்டை விரலைக் கவ்விவிட்டது. சின்னச் சின்னப் பற்கள், உள்பக்கம் வளைந்தவை. வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழியும், அதுவாக விடும்வரை பொறுத்தேன். ரத்தம் நன்றாகவே வந்தது.

அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார்கள். விரியன் விஷம் ஏறியிருந்தால் பெரும்பாலும் உறையாது. எனக்கு உறைந்தது. டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி போட்டு, இரவு முழுக்கப் படுக்க வைத்து, காலையில் அனுப்பினார்கள்.

"விஷமில்லை என்று தெரிந்தும் ஆஸ்பத்திரி எதற்கு?" என்று கேட்க ஆள் வரும். பாம்பு எதுவென்று ஆயிரம் தெரிந்தாலும் கடித்தால் போகத்தான் வேண்டும். அப்புறம், கையால் பிடிக்கச் சொல்கிறேன் என்றும் யாரும் கிளம்பாதீர்கள். அது பாட்டுக்குக் கிடக்கட்டும். வீட்டில் சம்மதிக்கவில்லை என்றால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், வந்து பிடித்துப் போவார்கள்.

எனக்கு ஆறாதது கடி இல்லை. வலையை வெட்டும்போது டார்ச்சைப் பிடிடா என்றால் மச்சான் ஒரு கையில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் அவன் போன் போன பக்கமெல்லாம் போனது. மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "ராஜநாகத்துடன் போராட்டம்" என்று போட்டான். ராஜநாகமாம், டெல்டா வாய்க்காலில்! திருத்திப் போடச் சொன்னால், லைக் வருகிறது, விடு மச்சான் என்கிறான். டார்ச் என்னுடையது. அதையும் இன்னும் தரவில்லை.